மண்டப வாசலில் எக்ஸ்பி: விர்ச்சுவல் மெஷினோடு பல வருடப் பழக்கம்

செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி பக்கம் காதுகுத்து, கல்யாணம், இல்ல விழா என எது நடந்தாலும் மண்டப வாசலில் மொய் எழுத இப்போது லேப்டாப்பும் பிரிண்டரும் வந்துவிட்டன. மதுரையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் நான் முகூர்த்த நாட்களில் அந்த வேலைக்கும் போகிறேன். மொய் எழுதும் புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும். என் லேப்டாப்பில் இருப்பதோ லினக்ஸ் மின்ட் என்ற வேறொரு இயங்குதளம். இரண்டையும் சேர்த்துவைத்திருப்பது விர்ச்சுவல் மெஷின். இதைப் பற்றித் தமிழில் கிடைப்பதில் பெரும்பாலானவை இன்ஸ்டால் செய்யும் முறையோடு நின்றுவிடுகின்றன. பிழைப்பையே அதன் மேல் வைத்து வருடக்கணக்கில் ஓட்டினால் எது கைகொடுக்கிறது, எது கழுத்தறுக்கிறது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக: ஒரே கம்ப்யூட்டரில் ஒரு இயங்குதளத்துக்கு உள்ளே இன்னொன்று தனிக்குடித்தனம் நடத்துவதுதான் விர்ச்சுவல் மெஷின். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குத் தனக்கென்று ஒரு பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் இருப்பதாகவே நினைப்பு. அந்த ‘ஹார்ட் டிஸ்க்’ வெளியே ஒரு பெரிய ஃபைல், அவ்வளவே. இந்த ஒரு குணத்தில்தான் இதன் அருமை முழுவதும் இருக்கிறது. ஃபைல் என்றால் காப்பி எடுக்கலாம், பென் டிரைவில் கொண்டுபோகலாம், வேறு லேப்டாப்பில் திறக்கலாம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது? மொய் என்பது திருப்பிச் செய்யவேண்டிய செய்முறை. இன்று ஒருவர் வைக்கும் 500 ரூபாய், 15 வருடம் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் திரும்பிப் போகவேண்டும். “தம்பி, எழுமலைக்காரங்க நம்ம வீட்டுக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு பாருப்பா” என்று பழைய விசேஷத்துக் கணக்கைக் கேட்டு இன்றைக்கும் கடைக்கு ஆள் வருகிறார்கள். எக்ஸ்பி வந்தது 2001இல். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10 வந்தது 2015இல், அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துபோனது. விண்டோஸின் ஆயுளைவிட எங்கள் ஊர்ச் செய்முறைக் கணக்கின் ஆயுள் அதிகம்.

எங்கள் புரோகிராம் விபி 6 (விஷுவல் பேசிக்) என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது, டேட்டா எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலில். இவை புது விண்டோஸிலும் ஓடக்கூடியவைதான். ஓடாமல் தடுப்பது இரண்டு விஷயங்கள். தமிழ் டைப் செய்யும் பழைய சாஃப்ட்வேர் யு.எஸ்.பி. பூட்டு செருகினால்தான் திறக்கும், அந்தப் பூட்டின் டிரைவரோ 32 பிட் எக்ஸ்பிக்கு மட்டும் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அந்த மாதிரி டிரைவரை ஏற்றாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. இரண்டாவது, புரோகிராம் ரசீதை நேராக எல்.பி.டி. 1 என்ற பழைய பாரலல் பிரிண்டர் போர்ட்டுக்கு அனுப்புகிறது. எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். சி.டி.யும் இல்லை.

அதனால் புதிதாக எக்ஸ்பி போடாமல், பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கையே அப்படியே உள்ளே கொண்டுவந்தோம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் வரிசையில் டிஸ்க்2விஹெச்டி என்று ஒரு இலவசக் கருவி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை வி.ஹெச்.டி. என்ற விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலாக மாற்றிக் கொடுத்துவிடும், அந்த ஃபைலை விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சாஃப்ட்வேரான விர்ச்சுவல்பாக்ஸ் திறக்கும். இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. விர்ச்சுவல் மெஷினில் டிஸ்க்கை சாட்டா என்ற புது வகை இணைப்பில் மாட்டினால் எக்ஸ்பி நீலத்திரை காட்டி நின்றுவிடும், ஏனென்றால் அதற்குத் தேவையான ஏ.ஹெச்.சி.ஐ. டிரைவர் எக்ஸ்பியிடம் கிடையாது. பழைய வகையான ஐ.டி.இ. கன்ட்ரோலரில் மாட்டவேண்டும். வன்பொருள் மாறிவிட்டது என்று எக்ஸ்பி மறுபடியும் ஆக்டிவேஷன் கேட்கும். பெட்டியோடு தனியாக வாங்கிய எக்ஸ்பி உரிமத்தை இப்படி வேறு இடத்துக்கு மாற்றலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓ.ஈ.எம். உரிமம் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டுப்பட்டது. என்னிடம் பெட்டி இருந்தது.

உள்ளே வந்ததும் முதல் வேலை, எக்ஸ்பிக்குள் நிறுவவேண்டிய விர்ச்சுவல்பாக்ஸின் துணை டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் போடுவது. அது இல்லாமல் மவுஸ் தள்ளாடும், திரை சின்னதாக இருக்கும், கடிகாரமும் சரியாக நிற்காது. ரசீதில் நேரம் அச்சாகிற தொழிலில் கடிகாரம் முக்கியம். எக்ஸ்பிக்கு 1 ஜிபி ராம் தாராளம். நெட்வொர்க் அடாப்டரை அடியோடு எடுத்துவிட்டேன். ஆதரவு நின்றுபோன ஒன்றை இணையத்தில் விடவே கூடாது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கே விசேஷமாக ஒரு திருத்தம் வெளியிடவேண்டி வந்ததை நினைத்துப் பாருங்கள். வெளியே ஃபைல் போக வர, மின்ட்டும் எக்ஸ்பியும் பொதுவாகப் பார்க்கும் ஷேர்டு ஃபோல்டர் ஒன்று போதும்.

பிரிண்டர்தான் ரொம்ப நாள் உயிரை எடுத்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை யு.எஸ்.பி.யிலிருந்து பாரலலுக்கு மாற்றும் கேபிளில் மாட்டி, அந்த யு.எஸ்.பி. சாதனத்தை எக்ஸ்பிக்கே ஒப்படைக்கும் ஃபில்டரை விர்ச்சுவல்பாக்ஸில் போட்டால் எக்ஸ்பி அதை யு.எஸ்.பி. பிரிண்டராகப் பார்க்கிறது. நோட்பேடில் இருந்து அச்சாகும், மொய் புரோகிராமில் இருந்து ஆகாது, அது எல்.பி.டி. 1ஐத் தவிர வேறு எதையும் மதிக்காது. வழி இதுதான்: எக்ஸ்பிக்குள் மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டர் என்ற பொய் நெட்வொர்க் கார்டை நிறுவி, பிரிண்டரை ஷேர் செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்.பி.டி. 1ஐ அந்த ஷேர்டு பிரிண்டரோடு கட்டிவிடவேண்டும். வெளி நெட்வொர்க் எதுவும் இல்லாமலேயே எக்ஸ்பி தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறது. அன்றிலிருந்து ரசீது விஷயத்தில் கவலை இல்லை.

மொய் மேஜையில் இதன் அழகைப் பார்க்கவேண்டும். ஒருவர் வந்து ஊர், இன்ஷியல், பெயர், தொகை சொல்கிறார். ‘வாலா’ என்று தட்டியதும் வாலாந்தூர் வந்து நிற்கிறது. பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் போன விசேஷத்தில் வந்த அதே ஆள் பட்டியலில் இருக்கிறார். தொகையைப் போட்டு என்டர் தட்டினால் ரசீது கிழித்துக் கொடுத்துவிடலாம். பின்னால் வரிசை நீண்டு நிற்கும்போது அரை நொடி தடங்கினாலும் மேஜையில் சத்தம் எழும். எஸ்.எஸ்.டி. வைத்த லேப்டாப்பில் விர்ச்சுவல் எக்ஸ்பி, பழைய நிஜக் கம்ப்யூட்டரில் ஓடியதைவிட வேகமாகவே ஓடுகிறது. வெளியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து ஓட்டினால் அந்த வேகம் கிடைக்காது.

இன்னொரு பெரிய வரம் ‘ஸ்டேட்’ சேமிப்பு, அதாவது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையை அப்படியே சேமிப்பது. “அண்ணே, கரண்டு போயிருச்சு, ஜெனரேட்டர்காரரைக் காணோம்” என்று கூட இருக்கும் தம்பி கத்தும்போது லேப்டாப் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். பேட்டரி இறங்க ஆரம்பித்தால் மெஷினை அப்படியே நிறுத்தி ஸ்டேட்டைச் சேமித்துவிடுகிறேன். கரண்ட் வந்ததும் எந்தப் பெயரில் விட்டோமோ அந்தப் பெயரில் கர்சர் மினுக்கிக்கொண்டு நிற்கும். கெஸ்ட் அடிஷன்ஸ் நேரத்தையும் சரிசெய்துவிடும்.

மெஷினின் ஒரு நேரத்து நிலையைக் குறித்துவைத்துப் பிறகு அதற்கே திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் அதை பேக்கப் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு நடக்கும் மாற்றங்கள் தனி ஃபைலில் சேர்கின்றன. அடிப்படை ஃபைல் கெட்டால் அதன் மேல் நிற்கும் எல்லாம் போச்சு. அதைவிட மோசம், ஏதோ கோளாறு என்று பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அதற்குப் பிறகு எழுதிய மொய்யும் சேர்ந்து காணாமல் போகும். மற்றவர் வீட்டுக் கணக்கில் அப்படி ஒன்று நடக்கவே கூடாது. இதற்கு விர்ச்சுவல்பாக்ஸிலேயே மருந்து உண்டு. இரண்டாவதாக ஒரு விர்ச்சுவல் டிஸ்க் செய்து, முதல் ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன்பே அதன் வகையை ‘ரைட்த்ரூ’ என்று வைத்து மாட்டிவிடவேண்டும். அந்த டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் தொடாது. விண்டோஸ் சி டிரைவில், மொய் டேட்டா இந்த டி டிரைவில். ஸ்னாப்ஷாட்டை மெஷினை ஷட் டவுன் செய்துவிட்டே எடுக்கவேண்டும்.

டேட்டாவை நேராக ஷேர்டு ஃபோல்டரில் வைத்து ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஆக்சஸ் போன்ற டேட்டாபேஸ் ஃபைல் பூட்டிப் பூட்டித் திறக்கும், ஷேர்டு ஃபோல்டரில் அது நம்பகமாக நடக்காது. விசேஷம் முடிந்து கணக்கு ஒப்படைத்ததும் டி டிரைவில் இருக்கும் ஃபைலை ஷேர்டு ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து, அங்கிருந்து பென் டிரைவுக்கும் ஒன்று. அந்தப் பழைய எழுத்துரு யூனிகோடு இல்லாததால் வெளியே திறந்தால் எழுத்து புரியாது. யூனிகோடுக்கு மாற்றி எக்செல்லில் ஒரு பிரதி வைத்துக்கொள்வதும் நல்லது. கணக்கைத் தேட அந்த எக்செல் போதும், ஊர் வாரியாக நோட்டு அச்சடிக்கத்தான் எக்ஸ்பி வேண்டும்.

வெளியே இருக்கும் இயங்குதளத்தை மாற்றும்போதுதான் நிஜமான சோதனை. முதலில் விண்டோஸ் 10இல் ஓட்டினேன். லேப்டாப்பின் அடிப்படை அமைப்பான பயாஸில், விர்ச்சுவல் மெஷினுக்குப் பிராசசர் கைகொடுக்கும் வசதி (இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம்.) இயக்கப்பட்டிருக்கவேண்டும். பல லேப்டாப்களில் அது அணைத்தே வரும். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தும் விர்ச்சுவல்பாக்ஸின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை படம் வந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி விடி-எக்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எக்ஸ்பி நிஜமாகவே ஆமை வேகத்துக்கு இறங்கும். ஹைப்பர்-வியைப் பயன்படுத்தும் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பை அணைத்தால் பல சமயம் சரியாகும். ஆனால் அது வெளி விண்டோஸின் காவலைக் குறைப்பது. இணையத்தில் பணப் பரிமாற்றம் செய்யும் கம்ப்யூட்டரில் அணைக்கச் சொல்லமாட்டேன்.

என் லேப்டாப்பின் பிராசசர் பழசு, விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10 ஆதரவு முடியப்போகிறது என்றதும் மின்ட்டுக்கு மாறினேன். மாறிய அன்று எக்ஸ்பிக்குத் தான் இடம் மாறியதே தெரியாது; ஃபைலைக் காப்பி செய்து திறந்தேன், மொய் புரோகிராம் வந்து நின்றது. யு.எஸ்.பி. பூட்டை மட்டும் காணவில்லை. லினக்ஸில் நம் பயனர் பெயரை ‘வீபாக்ஸ்யூசர்ஸ்’ என்ற குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் பூட்டு தெரியும். லினக்ஸில் இன்னொரு ஜாக்கிரதை: லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அப்டேட் ஆனால் அதோடு இணையும் விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல் மறுபடி கட்டப்படவேண்டும், கையொப்பம் இல்லாததை ஏற்றாத செக்யூர் பூட் இருந்தால் அதற்குக் கையொப்பமும் வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அப்டேட் பொத்தான் பக்கமே போவதில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு சாஃப்ட்வேரான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் வைத்துப் பார்த்திருக்கிறேன். கிராஃபிக்ஸில் அதுதான் மேல். பழைய பேஜ்மேக்கர் பத்திரிகை ஃபைல்களை, அதாவது எங்கள் தொழிலில் கல்யாணப் பத்திரிகையை, பெரிய திரையில் உருட்டும்போது வித்தியாசம் தெரிகிறது. 2024 நவம்பர் முதல் தொழில் பயன்பாட்டுக்கும் அது இலவசம். அதன் உரிமையாளரான பிராட்காம் தளத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கவேண்டும். ஆனாலும் மொய்க்கு நான் விர்ச்சுவல்பாக்ஸையே வைத்திருக்கிறேன். அதன் அடிப்படைத் தொகுப்பு ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, கடைக்கும் தடையில்லை. கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷன் பேக்குக்குத்தான் தொழில் பயன்பாட்டில் தனி உரிமம். முன்பு யு.எஸ்.பி. 2, 3 வசதிக்கு அந்தப் பேக் தேவைப்பட்டது. 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து அவை அடிப்படையிலேயே சேர்ந்துவிட்டன. விர்ச்சுவல் மெஷின் ஓட்ட லினக்ஸின் சொந்தச் சரக்கான கே.வி.எம். வேகமானது; விண்டோஸ் 10, உபுண்டு போன்றவற்றை அதில் ஓட்டுவேன், எக்ஸ்பியை அதில் குடியேற்ற வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

ஃபோட்டோஷாப்பில் பெரிய பேனர், வீடியோ எடிட்டிங், கேம் இவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின் பக்கம் வராதீர்கள். ஆன்லைன் தேர்வு சாஃப்ட்வேர்கள் பலவும் விர்ச்சுவல் மெஷின் என்று கண்டுகொண்டால் திறக்காது. காலேஜ் பிள்ளைகள் ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்கைக் கொண்டுவந்து எக்ஸ்பி போடச் சொல்கிறார்கள். அந்தச் சிப் வேறு ரகம், எமுலேஷனில், அதாவது எக்ஸ்பிக்கு வேண்டிய சிப்பைப் போல நடிக்கவைத்தால், மெதுவாகத்தான் ஓடும். லினக்ஸ் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் இதைவிட நல்ல இடம் இல்லை. உள்ளே எதை உடைத்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது, அப்பாவின் ஆபீஸ் ஃபைல்களும் பத்திரம்.

வாங்கப்போகிறவர்களுக்கு: எக்ஸ்பி ஒன்று மட்டும் என்றால் 8 ஜிபி ராம், உள்ளே விண்டோஸ் 10 ஓட்டவேண்டுமென்றால் 16 ஜிபி, இரண்டுக்கும் எஸ்.எஸ்.டி. கட்டாயம். டேட்டா சேரச் சேரப் பெரிதாகும் டைனமிக் வகை விர்ச்சுவல் டிஸ்க் வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு, வெளியே விர்ச்சுவல்பாக்ஸின் கம்பாக்ட் கட்டளையைக் கொடுத்தால் இடம் திரும்பக் கிடைக்கும். முழு மெஷினையும் ஒரே ஃபைலில் அடக்கும் ஓ.வி.ஏ. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்த பிரதியை அடுத்த லேப்டாப்பில் இம்போர்ட் செய்து, யு.எஸ்.பி. பூட்டும் பிரிண்டரும் மாட்டி, ஒரு ரசீதாவது அச்சடித்துப் பார்த்துவிடுங்கள். ரைட்த்ரூ டிஸ்க்கின் வகை இம்போர்ட் ஆன பிறகும் அப்படியே இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபாருங்கள்.