டப்பாவில் "25 கிராம் புரதம்" என்று இருந்தால் மட்டும் போதாது: ஒரு எச்சரிக்கை

எடை குறைக்க ஜிம்முக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால், இதைப் பொறுமையாகப் படியுங்கள். மதுரையில் என் தம்பிக்கு நடந்தது.

ஜிம் மாஸ்டர் அவனிடம் சொன்னது இதுதான்: "ராத்திரி சாப்பாட்டை நிறுத்துப்பா. அதுக்குப் பதிலா இந்த அமினோ புரோட்டீன் பவுடர் குடி. கொழுப்பை எரிச்சுரும், தசை அப்படியே நிக்கும்." அவர் கைகாட்டிய கடையிலேயே வாங்கினான். விலை 4,800 ரூபாய். எடை குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் மாடிப்படி ஏறினாலே கால் துவண்டது, வயிறு எந்நேரமும் உப்பியே இருந்தது.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். உட்பொருள் பட்டியலில் வே புரதத்துக்கு (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்) அடுத்தபடியே கிளைசின், டாரின் என்று இருந்தது. எவ்வளவு என்று போடவில்லை. சந்தேகப்பட்டு, அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தோம். புரதம் கிட்டத்தட்ட டப்பாவில் உள்ளபடியே இருப்பதாக அறிக்கை வந்தது. "பாத்தீங்களா மேடம், கரெக்டாத்தானே இருக்கு" என்று கடைக்காரர் அதையே எங்களிடம் காட்டிப் பேசினார்.

ஏமாற்று வேலை நடப்பதே அந்த இடத்தில்தான். வழக்கமான சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. 1883இல் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் கண்டுபிடித்த முறை அது: பொருளில் இருக்கும் நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கி, இவ்வளவு புரதம் என்று கணக்குப் போடுவார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்த முறைக்குத் தெரியாது. கிளைசின், டாரின், கிரியேட்டின் போன்ற மலிவான பொருட்களைக் கலந்தால் அவற்றின் நைட்ரஜனும் புரதக் கணக்கில் ஏறிவிடும். இந்தத் தொழிலில் இதற்கு அமினோ ஸ்பைக்கிங் என்று பெயர். 2008இல் சீனாவில் பால் மாவில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். அங்கே 6 குழந்தைகள் இறந்தன, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கிளைசின் மெலமைனைப் போல விஷமில்லை, அது வேறு விஷயம். ஆனால் பித்தலாட்டத்தின் கணக்கு ஒன்றுதான்.

அப்புறம் அதே ஆய்வகத்தில் அமினோ அமிலங்களை, அதாவது புரதம் எவற்றால் ஆனதோ அவற்றை, தனித்தனியாக அளக்கச் சொன்னோம். இதற்குச் செலவு கூடுதல். நல்ல வே புரதம் 25 கிராமில் லூசின் என்ற அமினோ அமிலம் சுமார் 2.5 கிராம் இருக்க வேண்டும். இதில் பாதிகூட இல்லை. கிளைசினோ பல மடங்கு இருந்தது.

இது வெறும் காசு நஷ்டம் மட்டுமில்லை. உடல் புரதம் கட்டுவதற்கு 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அதில் 9 உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். தசை வளர்ச்சியைத் தூண்டிவிடும் லூசின் அதில் ஒன்று. கிளைசினை உடலே செய்துகொள்ளும். சாப்பாட்டையும் குறைத்து, வரும் புரதமும் அரைகுறையாக இருந்தால், உடல் தன் தசையையே கரைக்கும். எடை மெஷினில் முள் இறங்கும், நமக்குச் சந்தோஷமாக இருக்கும். இறங்கியது கொழுப்பா தசையா என்று மெஷின் சொல்லாது.

அமினோ அமிலம் கொழுப்பை எரிக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். போதிய புரதம் பசியை அடக்கும், எடை குறையும்போது தசையைக் காக்கும், அவ்வளவுதான். அதற்கும் டப்பா தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 0.83 கிராம் புரதம் போதும். 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைக்காத 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல், அதே அளவு மீல்மேக்கரில் 50 கிராம் வரை உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி தருகிறது. இட்லி சாம்பாரை ஒதுக்கச் சொல்லும் மாஸ்டருக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பவுடரையும் தொடவே கூடாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அமினோ அமிலங்களின் அளவு தனித்தனியாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்த எண்ணை அந்த ஆணையத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம். எங்கள் டப்பாவில் இருந்த எண்ணைப் போட்டதற்கு அப்படியொரு உரிமமே இல்லை என்று வந்தது.

கடைக்காரர் பணம் தர மறுத்துவிட்டார். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில்லையும், மிச்சப் பவுடரோடு டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லும் கடையில் வாங்கவே வேண்டாம்.