கம்பி மூடி பாட்டில்: கண்ணாடி தங்கம், வாசர் தகரம்

கூட வேலை செய்யற பங்காளி ஒருத்தன் "அந்த கம்பி மூடி பாட்டில் செட்டு விலை எறங்கிருச்சாமா, வாங்கட்டுமா"ன்னு கேட்டான் (மூடிய கம்பியால இறுக்கிப் பூட்டற கண்ணாடி பாட்டிலுங்க அது), அவனுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட ஆரம்பிச்சு அது பாட்டுக்கு நீண்டுட்டே போச்சு, அதான் எழுதியே போட்டுடறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. நான் அந்த பாட்டில்ல போடறது இஞ்சி பியரு, பேருலதான் பியரு, குடிச்சா சோடா. நெச பியரே போடலாமேன்னு மச்சான் அப்பப்ப நோண்டுவாரு. நம்மூர்ல அது கேசுங்க மச்சான். 1937ல ராஜாஜி மதுவிலக்கு கொண்டாந்தப்ப மொதல்ல அமல் பண்ணுனதே சேலம் ஜில்லாவுலதான், அந்த சட்டம் இன்னும் உசுரோட இருக்குது, கவர்மெண்ட்டு கடை போட்டு விக்கும், நம்ம வீட்ல ஒரு குடம் ஊற வெச்சா போலீசு வரும். இஞ்சி பியரையும் நாள் கணக்கா வெளிய போட்டுட்டா போதை ஏற ஆரம்பிச்சிரும், பாட்டிலுக்குள்ள கேஸ் (சோடா காத்து) ஏறுனதும் பிரிட்ஜுக்கு போயிரோணும்.

பக்குவம் பெருசா ஒண்ணுமில்ல, இஞ்சி, சக்கரை, தண்ணி சேத்து ஊற வெச்சு பாட்டில்ல ஊத்தி மூடறதுதான். இஞ்சிய தோலோட தட்டிப் போடுங்க, நொரை கட்ட வெக்கற ஈஸ்ட்டு தோல்லதான் இருக்குது. நல்ல தண்ணி குழாய்ல வர்றத அப்படியே ஊத்தாம கொதிக்க வெச்சு ஆத்தி ஊத்துங்க, குளோரின் போயிரும். வெள்ளை சக்கரைக்கு பதிலா கவுந்தப்பாடி நாட்டுசக்கரை போட்டுப் பாருங்க, கலர் மங்கலா இருக்கும், ருசி வேற மாதிரி.

நாங்க இருக்கறது திருப்பூர்ல லைன் வீடு, ஒரு ரூமு ஒரு சமையக்கட்டு, அவ்வளவுதான். அட்டாலில வெச்சா வேசகாலத்துல சிமெண்ட் சீட்டு சூட்டுக்கு பாட்டில் வெடிச்சாலும் வெடிக்கும், அதனால கட்டிலுக்கடியில பெரிய அண்டாவுக்குள்ள நிக்க வெச்சு மேல சாக்கு போட்டு மூடறது. அந்தச் சாக்கைப் பாத்துட்டு அடுத்த வீட்டு அக்கா "என்ன கண்ணு உள்ளார"ன்னு ஒரு மாதிரியா கேட்டுச்சு, ஒரு டம்ளர் குடுத்ததும் அடங்கிருச்சு, இப்ப அதுவே டம்ளரோட வந்து நிக்குது.

இனி பாட்டிலுக்கு வாரேன். கண்ணாடிய குத்தம் சொல்லவே முடியாதுங்க. நல்ல கனம், உருண்டை வடிவம் (சதுர பாட்டில் வாங்கிறாதீங்க, மூலைல பிரஷரு தாங்காது), இத்தனை நாள்ல ஒண்ணுலயும் கீறல் இல்ல. தொறக்கறப்ப "டப்"புன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, பசங்க தூக்கத்துல இருந்தாலும் எந்திரிச்சு வந்துருவாங்க.

ஆனா அந்த வாசர் இருக்குதே. மூடிக்கடியில செகப்பு கலர்ல ஒரு ரப்பர் வளையம், விலை பாத்தா ஒரு டீ காசு கூட பெறாது, மொத்த செட்டும் அது மேலதான் நிக்குது. ஆறே மாசத்துல கல்லாட்டம் எறுகிப் போச்சு. நகத்தால அழுத்துனா பள்ளமே விழாது, வளைச்சுப் பாத்தா ஓரத்துல பொடிப் பொடியா வெடிப்பு. பச்சை மஞ்சள் போட்டு ஒரு தடவை பண்ணுனதுல மஞ்சளாவும் ஆயிருச்சு, அது தேய்ச்சாலும் போகல, சரி அது அழகுக்குன்னு விட்டுட்டேன். எரிச்சல் எங்கன்னா, கேஸ் போறது வெளிய தெரியாது. சொட்டாது, சத்தம் வராது, மூணு நாள் காத்திருந்து தொறந்தா உள்ள வெறும் இஞ்சி சக்கரைத் தண்ணி, சப்புன்னு. நாலு பாட்டில்ல ஒண்ணு எப்பவும் இப்படித்தான், அது எதுன்னு தெரிய சம்சாரம் நெயில் பாலிஷ்ல பொட்டு வெச்சு விட்டா.

கம்பிய குறடால லேசா உள்ள வளைச்சா இறுக்கம் வரும், அது கொஞ்ச நாளைக்கு தாங்குச்சு. குக்கர் ரிப்பேர் கடையில கேட்டா "இந்த சைஸ் எல்லாம் வராதுங்க தம்பி"ன்னுட்டாரு. வித்த ஆளுக்கு மெசேஜ் போட்டா ஸ்பேர் இல்லையாமா, புது செட்டு வாங்கிக்கோணுமாமா! கடைசியில ஆன்லைன்ல வேற எங்கியோ சிலிக்கான் வாசர் கெடச்சுது, சுடுதண்ணிக்கும் ஒண்ணும் ஆகல, இப்ப மூணு பாட்டில் ஜம்முனு இருக்குது.

நாலாவது மட்டும் இன்னிக்கு காலையில மறுபடி சப்புன்னு போச்சு. ஒறம்பரைங்க வர்ற நாளு வேற. வாயிலயே நொழையல போங்க. அதனால ரெண்டு ஸ்டாருக்கு மேல குடுக்க மனசே வரல. பங்காளி, இந்த விலைக்கு வாங்கிக்கோ, ஆனா சிலிக்கான் வாசரையும் சேத்து ஆர்டர் போட்டுரு, செட்டுல வர்ற செகப்பு வாசரை பிரிச்சதும் குப்பையில போட்டுரு.