13 அறை ஃபைல்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்டேஷனரி கடையில் எக்ஸ்பாண்டிங் ஃபைல் என்று கேட்டால், விசிறி மாதிரி விரியும் 13 அறை பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துத் தருவார்கள். விலை சில நூறு ரூபாய்தான். பட்டா எங்கே, டிசி எங்கே என்று அவசர நேரத்தில் பீரோவைக் கலைத்துப் போடும் வீடுகளுக்கு இந்த விலையில் இதைவிட உருப்படியான பொருள் இல்லை. ஆனால் அளவும் பிளாஸ்டிக்கும் பார்த்து வாங்க வேண்டும்.

ஏ4, அதைவிட நீளமான எஃப்சி (ஃபூல்ஸ்கேப்) என்று இரண்டு அளவில் கிடைக்கிறது. ஏ4 ஃபைல் அடக்கமாக இருப்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் ஏ4 தாளைவிட நீளமானவை. 297 மில்லிமீட்டர் தாளுக்குச் செய்த அறையில் அவை அடங்காது. மேல் ஓரம் கசங்கும், அல்லது மடித்துச் செருகுவோம். பத்திரம் முதலில் இற்றுப்போவது மடிப்பில்தான். சர்வே எண் எழுதிய வரியிலேயே அந்த மடிப்பு விழுந்துவிட்டால் பிறகு படும் பாடு பெரிது. அதனால் எஃப்சி அளவுதான் சரி.

அடுத்தது பிளாஸ்டிக். தொட்டால் மெத்தென்று, திறந்தால் புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பிவிசி. வேண்டாம். அதை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்ல மெல்லக் கசியும். ஜெராக்ஸ், லேசர் பிரிண்ட் எழுத்துகள் உரிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் விறைப்பாக, வாசனை இல்லாமல் இருப்பது பாலிபுரோப்பிலீன். பெரும்பாலும் 'பிபி' என்று அச்சிட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடையிலேயே ஃபைலை முழுக்க விரித்து, பக்கவாட்டு மடிப்புகள் அடிப்பகுதியோடு சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் பிளாஸ்டிக் ஏற்கெனவே களைத்துவிட்டது. கிழியத் தொடங்குவதும் அந்த மூலையில்தான். ஓரத்தில் துணிப்பட்டை வைத்துத் தைத்த ஃபைல் கூடுதல் நாள் உழைக்கும். மூடியின் எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பதிலாக ரப்பர் பேண்ட் போடாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு இளகி ஒட்டிக்கொள்ளும். தையல் கடையில் அரை மீட்டர் எலாஸ்டிக் வாங்கிக் கட்டினால் போதும்.

கூடவே தரும் பெயர்ச்சீட்டுகள் இந்த ஃபைலின் பலவீனம். ஒரு மாதத்தில் நழுவி விழுந்துவிடும். செருகிய கையோடு மேலே செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். 'முக்கியமானவை' என்று மட்டும் எந்த அறைக்கும் பெயர் வைக்காதீர்கள். எல்லாக் காகிதமும் அங்கேதான் போய்ச் சேரும், மற்ற அறைகள் காலியாகவே கிடக்கும். நான்கு பேர் உள்ள வீடு என்றால் ஆளுக்கு ஒன்றாக நான்கு அறை: சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல் எல்லாம் அவரவர் பெயரில். பிறகு வீட்டுப் பத்திரம், வரி ரசீதும் ஈபியும், வங்கி, இன்சூரன்ஸ், வண்டி, மருத்துவம், வாரன்டி என ஏழு. பெரிய எக்ஸ்ரே படம் இதில் அடங்காது, ரிப்போர்ட்டை மட்டும் வையுங்கள். பன்னிரண்டாவதற்கு 'இந்த மாதம்' என்று பெயர். கடைசி அறை காலி. புதிதாக ஒரு விவகாரம் வரும்போது அதற்கு இடம் வேண்டும்.

ஃபைல் நிலைப்பதும் குலைவதும் அந்த 'இந்த மாதம்' அறையால்தான். களைத்து வீடு திரும்பும் ஒருவர் 13 அறைகளில் எது என்று யோசிக்க மாட்டார். டிவி மேல் வைத்துவிட்டுப் போவார். வந்த காகிதம் முதலில் இந்த ஒரே அறைக்குள் விழட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பிரித்தால் போதும். வழுவழுப்பான பில் இருந்தால் அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அது சூட்டில் கறுக்கும் தாள். மை கிடையாது, வாரன்டி முடியும் முன்பே எழுத்து மங்கிவிடும். ஸ்டேப்ளர் பின்னையும் அப்போதே கழற்றிவிடுங்கள், துருக்கறை பக்கத்துத் தாளிலும் இறங்கும்.

எதைச் சேர்ப்பது என்பதில் கறாராக இருங்கள். பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், பழைய நகல்களை அடுக்க வேண்டியதில்லை. 2015-இல் வந்த, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறையே வழங்கும் ஆவணத்துக்கு அசலின் மதிப்பு உண்டு. நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவது வெறும் நகல்தான். கையில் இருக்கும் அசலுக்கு ஃபைல் தேவைப்படுவது அதனால்தான். அறைக்கு முப்பது தாளுக்கு மேல் போனால் அடி மூலை இழுபடும்.

ஒரு குறை பெரியது. பிளாஸ்டிக்தானே என்று நம்பிவிடாதீர்கள். மூடி இருந்தாலும் அறைகள் மேலே திறந்திருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. பத்திரம், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று மூன்றையும் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிய பிறகே அறைக்குள் வையுங்கள். ஃபைலை பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். மேல்தட்டில், வீட்டில் எல்லோருக்கும் கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.