சுங்குடிக் கடைக்கு இரண்டு இணையதளங்கள், நான்கு பழைய அளவுகோல்கள்

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் தாய்மாமாவுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. கடைக்கு ஓர் இணையதளம் போடலாம் என்று இரண்டு பேரிடம் மாதிரி கேட்டிருந்தார். இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. "மாப்ளே, நீதான இந்த வேலை பாக்குற. எது நல்லாருக்குன்னு சொல்லு" என்று எனக்குத் தள்ளிவிட்டார்.

முதல் மாதிரியைத் திறந்ததும் திரை முழுக்க வீடியோ. சாயத்தொட்டி, ஆவி, முடிச்சை அவிழ்க்கும் விரல்கள். மேலே "மரபின் மறுபெயர்" என்று பெரிய எழுத்து. கீழே தள்ளினால் எங்கள் கதை, இன்னும் தள்ளினால் நாயக்கர் காலம், நாலைந்து தள்ளலுக்குப் பிறகுதான் சேலையும் விலையும். படங்கள் ஒவ்வொன்றும் பத்திரிகை அட்டை மாதிரி இருந்தன. இரண்டாவது மாதிரியில் மேலே தேடுவதற்கு ஒரு பெட்டி, கீழே நிறவாரியாகச் சேலைகள், படத்தின் அடியிலேயே விலை, ஒரு வாட்ஸ்அப் பட்டன். படங்கள் கடை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை. கண்ணை இழுக்கும்படி எதுவும் இல்லை.

எனக்கு இரண்டாவது பிடித்தது. மாமாவுக்கு வீடியோ பிடித்தது. இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் நின்றால் அளவுகோல் ஒன்று வேண்டும். தளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று பார்க்கும் எங்கள் தொழிலில் இதற்கென்றே ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 1994இல் தொகுத்த பத்து விதிகள் இருக்கின்றன. ஆனால் மாமாவிடம் போய் நீல்சன் என்றால் தலையாட்டுவார், நம்பமாட்டார். சரி, அவரைவிட வயதில் மூத்தவர்களைக் கூப்பிடுவோம் என்று தோன்றியது. அரிஸ்டாட்டில், பவணந்தி முனிவர், பிளேட்டோ, வள்ளுவர். இந்த நாலு பேரில் யாருடைய கோல் ஒரு இணையதளத்தை அளக்க உதவுகிறது என்பதுதான் இங்கே அலசல். எந்த மாதிரி ஜெயித்தது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்கள்

ஒரு பொருளை அறிந்தேன் என்று சொல்ல நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. எதனால் ஆனது, என்ன வடிவம், எது அதை உண்டாக்கியது, எதற்காக. சுங்குடிக்கு இது அழகாகப் பொருந்தும். பருத்தி, புள்ளிகளின் அமைப்பு, முடிச்சுப் போடும் கைத்திறன், கட்டிக்கொள்ள.

இணையதளத்தில் முதல் மூன்றும் சீக்கிரம் வற்றிவிடுகின்றன. எதனால் ஆனது என்று கேட்டதில் கிடைத்தது ஒன்றுதான்: வீடியோவின் கனம். ஒரு பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. மாமா கடைக்குள் நின்று என் கைபேசியில் பார்த்தபோது முதல் மாதிரி 7 விநாடி எடுத்துக்கொண்டது.

நான்காவது கேள்வியை மாமாவிடமே கேட்டேன். "எதுக்கு மாமா வெப்சைட்?"

"எல்லாரும் வெச்சிருக்காங்கல்ல."

அதற்கு மேல் கிளறியபோதுதான் விஷயம் வந்தது. பெங்களூருவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்ட பழைய வாடிக்கையாளர்கள் தினமும் வாட்ஸ்அப்பில் "புதுசா என்ன வந்திருக்கு, போட்டோ அனுப்புங்க" என்கிறார்கள். ஒரே சேலையை ஆளுக்கு ஒரு தடவை விரித்துப் படம் எடுத்து அனுப்புவதில் கடைப் பையனின் மத்தியானம் போய்விடுகிறது. ஆக, சுங்குடி என்றால் என்ன என்று தெரியாத ஆளுக்கு இந்தத் தளம் இல்லை. பாட்டி காலத்திலிருந்து கட்டுகிறவர்களுக்கு நாயக்கர் காலத்தை எதற்கு விரிக்க வேண்டும்? அந்த ஒரு கேள்வியிலேயே முதல் மாதிரி பாதி சரிந்துவிட்டது.

ஆனால் இதை அளவுகோல் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. நான்கு காரணங்களும் ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கும். நன்றாக இருக்கிறதா என்று மார்க் போடாது. வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது. முடிந்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

நன்னூலின் பத்துக் குற்றம்

பவணந்தியார் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன், தன் இலக்கண நூலான நன்னூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், ஒரு நூலுக்கு ஆகாத பத்தையும் அழகான பத்தையும் பட்டியலிட்டார். அதே பாயிரத்தில் நூல் எழுதுவதற்கு உவமை என்ன தெரியுமா? பஞ்சு நூற்பது. சொல் பஞ்சு, புலவன் நூற்பவள், வாய் கை, அறிவு கதிர். சேலைக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இரண்டு மாதிரிகளின் மேலும் அந்தப் பத்தை ஓட்டினேன்.

முதல் மாதிரியில் வெற்றெனத் தொடுத்தல் நெற்றியிலேயே இருந்தது: "மரபின் மறுபெயர்". எந்த நகைக்கடைக்கும் காபித்தூள் கடைக்கும் பொருந்தும் வாக்கியம் அது. நாயக்கர் வரலாறு மற்றொன்று விரித்தல். மேலே "டெலிவரி இலவசம்", கடைசிப் பக்கத்தில் 80 ரூபாய். இது மாறுகொளக் கூறல். தமிழ்ப் பக்கத்தை இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்திருப்பார்கள் போல, சேலையைத் தேர்ந்தெடுத்தால் "வண்டியில் சேர்க்கப்பட்டது" என்றது. வழூஉச் சொல் புணர்த்தல், அதாவது பிழையான சொல்லைச் சேர்ப்பது. மாமா கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

மயங்க வைத்தலில் சற்று நிற்க வேண்டும். முதல் மாதிரியின் மேல்பட்டையில் பெயரே இல்லாமல் ஐந்து சின்னங்கள். இதயம் எதற்கு என்று அமுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் மதுரைக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் இந்த ஊர்க் கடைத்தெருக்களைச் சுற்றி வருகிறான். பொன் விற்கும் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்கு வகைப் பொன். எது எங்கே என்று வாங்க வருகிறவர் திண்டாடக் கூடாது என்று கொடி ஏற்றி வைத்திருந்தார்களாம். கொடி கட்டிக் காட்டிய ஊரில் பெயரில்லாத சின்னத்தை வைத்து விற்கப் பார்க்கிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த குற்றம் சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் கம்பீரம், போகப் போக இளைத்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது. இன்று பாதித் தளங்களுக்கு இந்த நோய்தான். முகப்பில் கொட்டுகிற உழைப்பைப் பணம் கட்டும் பக்கத்தில் யாரும் காட்டுவதில்லை. முதல் மாதிரியின் முகவரிப் படிவம் அப்படித்தான்: மஞ்சள் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. இங்கே அதில் பாதிகூட இல்லை. வாடிக்கையாளர் பணத்தை எடுத்து நீட்டும் இடத்தில் விளக்கை அணைத்த மாதிரி.

இரண்டாவது மாதிரியும் தப்பவில்லை. சேலை எத்தனை மீட்டர், பிளவுஸ் துணி உண்டா என்ற தகவல் இல்லை. குன்றக் கூறல், அதாவது வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது. கை முடிச்சா, அச்சா என்றும் போடவில்லை. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள் குறைவு.

பத்து அழகுகளில் உலகம் மலையாமை, உலக வழக்கோடு மோதாமல் இருப்பது, நீல்சன் பட்டியலிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் மேலே வலப்பக்கம் இருக்கும் பையை, அதாவது தேர்ந்தெடுத்தவை சேரும் இடத்தை, முதல் மாதிரிக்காரர் கீழே இடப்பக்கம் வைத்திருந்தார். புதுமையாம்.

ஆனால் கூறியது கூறல் விஷயத்தில் நன்னூலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கைபேசியில் நீளமான பக்கத்தின் மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் "வாங்க" பட்டன் இருப்பது உதவிதான்; அதைக் குற்றமாக எழுதிவிட்டு அடித்தேன். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நூல் பதில் பேசாது, தளம் பேசும். போன பொங்கலுக்கு ஊருக்கு வர ஒரு தளத்தில் டிக்கெட் போட்டேன். பணம் கட்டும் பட்டனை அமுக்கினால் திரையில் ஓர் அசைவும் இல்லை. மறுபடி அமுக்கினேன். இரண்டு தடவை பணம் போய்விட்டது. எழுத்து சுருக்கம், சொல் சுத்தம், முறை சரி. நன்னூல் படி அந்தப் பக்கம் குற்றமற்றது. "நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லத் தெரியாததுதான் அதன் குற்றம். நீல்சனின் முதல் விதியே அதுதான். இந்த இடத்தில் அவருக்குத்தான் என் ஓட்டு.

பிளேட்டோவின் குழலும் ஒரு விருந்தாளியும்

குடியரசு நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ ஒரு கருவிக்கு மூன்று பேர் உண்டு என்கிறார்: பயன்படுத்துகிறவர், செய்கிறவர், அதைப் போலப் படம் வரைகிறவர். குழல் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்தவர் ஊதுகிறவர்தான். செய்கிறவர் அவர் சொல்வதைக் கேட்டுச் செய்ய வேண்டும். (குழல் என்று மொழிபெயர்த்தாலும் அந்தக் கிரேக்க அவுலோஸ் சீவாளி வைத்து ஊதுவது. புல்லாங்குழலைவிட நாகஸ்வரத்துக்குத்தான் நெருக்கம்.) அவர் சீடர் அரிஸ்டாட்டிலும் அரசியல் நூலில் இதையே சாப்பாட்டில் வைத்துச் சொன்னார்: விருந்தை மதிப்பிட வேண்டியவர் உண்டவர், சமைத்தவர் அல்ல. மதுரைக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படம் வரைகிறவர் பிளேட்டோவிடம் உண்மையிலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டவர். பொருள் இருக்கிறபடி இல்லாமல் தோன்றுகிறபடி காட்டுகிறவர். கலைக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் சேலைக் கடைப் படத்துக்கு ரொம்பச் சரி. முதல் மாதிரியில் அரக்கு நிறம் மாணிக்கச் சிவப்பாக ஜொலித்தது. அந்தப் படத்தைப் பார்த்து வாங்கினால் பார்சலைப் பிரித்ததுமே சேலை திரும்பி வரும். டியூப்லைட் படம் அசிங்கம்தான், ஆனால் நிறம் பொய் சொல்லவில்லை.

சரி, உண்பவர்களைக் கூப்பிடுவோம். நிறையப் பேர் வேண்டாம், ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். எனக்கு நாலு பேர் கிடைத்தார்கள்: அத்தை, எதிர்க்கடை அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண், போனில் ஒரு பெங்களூரு வாடிக்கையாளர். வேலை ஒன்றுதான். 800 ரூபாய்க்குள் அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுக்க வேண்டும்.

அத்தை முதல் மாதிரியைத் திறந்தார், வீடியோவை முழுசாகப் பார்த்தார், "நல்லா எடுத்திருக்கான்" என்று போனைக் கீழே வைத்துவிட்டார். கீழே சேலை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் அரை நிமிடத்தில் சேலையைப் பிடித்தார். ஆனால் அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். அதில் "வாங்க" பட்டன் திரைக்கு வெளியே ஓடிவிட்டது. பத்துக் குற்றத்தையும் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடிய என் கண்ணில் இது படவேயில்லை. நாலு பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்ட கேள்வி, "சாயம் போகுமா?" இரண்டு தளத்திலும் அதற்குப் பதில் இல்லை. அதுவும் குன்றக் கூறல்தான். பெயர் தெரிந்த குற்றம், இருந்தும் கோட்டைவிட்டிருக்கிறேன்.

வள்ளுவர் எங்கே வேண்டும்

உண்டவர் சொல்லே கடைசிச் சொல் என்று விட்டுவிடவும் முடியாது. முதல் மாதிரியில் ஒவ்வொரு சேலைக்கும் கீழே "இன்னும் 2 மட்டுமே" என்று சிவப்பில் ஓடியது. கல்லூரிப் பெண்ணுக்கு அது உதவியாகப் பட்டது, சீக்கிரம் முடிவெடுத்தேன் என்றாள். அலமாரியில் அதே சேலை நாற்பது கிடக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஏமாற்றப்படுவது ருசியாகவும் இருக்கலாம். விருந்தாளியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே 120ஆம் குறள் வேலை செய்கிறது. "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோற் செயின்." அடுத்தவர் பொருளைத் தன் பொருள் போல நினைத்துச் செய்வதே வாணிகம். மாமாவிடம் கேட்டேன், "இந்தச் சிவப்பு எழுத்தப் பாத்துட்டு எங்கம்மா வாங்கினா உங்களுக்குச் சரியா?" அம்மா அவருக்கு அக்கா. "கடைலயும் தானப்பா சொல்றோம், சரக்கு தீரப்போகுதுன்னு" என்றார். உண்மைதான். ஆனால் கடையில் அம்மா அவர் தோளுக்கு மேல் எட்டி அலமாரியைப் பார்ப்பார். திரையில் எட்டிப் பார்க்க வழியில்லை. சட்டமும் இப்போது வள்ளுவர் பக்கம் வந்துவிட்டது: 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணையத்தில் செய்யக்கூடாத 13 தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. பொய் அவசரம் அதில் ஒன்று. கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் 80 ரூபாய்க்கும் அதில் இடம் உண்டு.

ஒரே ஒரு கோல்தான் கையில் இருக்கலாம் என்றால் நான் விருந்தாளியை எடுப்பேன். ஆனால் அத்தையைக் கூப்பிடும் முன் நன்னூலை ஒரு தடவை ஓட்டிவிடுவேன். "வண்டியில் சேர்க்கப்பட்டது" மாதிரி விஷயத்துக்கெல்லாம் அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது. குறளைப் பணம் கட்டும் பக்கத்துக்கென்று தனியாக எடுத்து வைப்பேன்.

மாமா இரண்டாவது மாதிரிக்காரருக்கே வேலையைக் கொடுத்தார். பட்டன் திரைக்குள் வந்தது, மீட்டரும் பிளவுஸும் ஏறின, சாயத்துக்கு ஒரு பத்தி: முதல் இரண்டு தடவை தனியாக அலசவும். முதல் மாதிரிக்காரரிடம் பணம் கொடுத்து அந்த வீடியோவை மட்டும் வாங்கி, முடிச்சை அவிழ்க்கும் 8 விநாடியை வெட்டி, கை முடிச்சுச் சேலைகளின் பக்கத்தில் வைத்தோம். "மரபின் மறுபெயர்" மட்டும் மாமாவை விடவில்லை. இப்போது அது கடைப் பையில் அச்சாகியிருக்கிறது.