எட்டுக்கால் நோயாளிக்கும் நேரம் ஒதுக்கும் மருத்துவமனை

நான் லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் வசிக்கிறேன். 2015இல் வாங்கிய மெக்சிகன் ரெட் நீ டாரன்டுலா என்ற பெரிய சிலந்தி ஒன்றை, அதன் உடலில் நீர்த்துளிகள் கண்டதால், கடந்த பிப்ரவரியில் இந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தேன். நாய்க்கும் பூனைக்கும் தெருவுக்கொரு மருத்துவர் இருக்கும் ஊரில், சிலந்தி என்று சொன்னதும் தொலைபேசியில் ஒரு நொடி மௌனமும் அதன் பின் ஒரு "மன்னிக்கவும்" என்ற சொல்லும் வருவதே வழக்கம். மூன்று இடங்களில் எனக்கு அப்படித்தான் நடந்தது. இங்கே பேசிய பெண்மணியோ துளி உடலில் எந்த இடத்தில் நிற்கிறது, என்ன நிறம், ஒற்றியெடுத்தால் மீண்டும் ஊறுகிறதா என்று வரிசையாக மூன்று கேள்விகள் கேட்டார். நான் கொடுத்த பணத்தில் பாதி அந்த மூன்று கேள்விகளுக்கே தகும் என்று பிற்பாடு தோன்றியது.

அன்று காலை விளக்கைப் போட்டபோது சிலந்தியின் வயிற்றுக்கு மேற்புறத்தில் நான்கைந்து தெளிந்த துளிகளும், இடப்பக்க மூன்றாம் காலின் மூட்டில் ஒரு துளியும் இருந்தன. முந்தின இரவு பெட்டிக்குள் தண்ணீர் தெளித்திருந்ததால் எல்லாம் அந்த ஈரம்தான் என்று எண்ணி வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பியபோது வயிற்றின் மீதிருந்தவை காய்ந்திருந்தன. மூட்டில் இருந்தது மட்டும் கடுகளவிலிருந்து மிளகளவுக்குப் பெருத்திருந்தது. தொலைபேசியில் சொன்னபடி சுத்தமான மெல்லிய தாளின் நுனியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, கசிவை அடைக்க ஈரமான இடத்தில் ஒரு சிட்டிகை சோள மாவை வைத்தேன். மறுநாள் காலையிலேயே வரச் சொன்னார்கள்.

மருத்துவர் சிலந்தியைக் கையால் தொடவே இல்லை. அதை ஒளி ஊடுருவும் பெட்டியில் விட்டு, மேலிருந்து பார்த்தார், பிறகு தலைக்கு மேலே தூக்கி அடியிலிருந்தும் பார்த்தார். எடை 26 கிராம். கோப்பில் அவர் எழுதிய அறிவியல் பெயர் பிராக்கிபெல்மா ஹமோரி. நான் வாங்கிய காலத்தில் இதை ஸ்மிதி என்றே விற்றார்கள். 2017இல் வந்த வகைப்பாட்டு ஆய்வுக்குப் பிறகே இவ்வகைக்கு ஹமோரி என்ற பெயர் நிலைத்தது. சிறிய விஷயம்தான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு இந்த உயிர் புதிதல்ல என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் வந்தது.

துளிகளைப் பற்றி அவர் தந்த விளக்கத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். டாரன்டுலாவின் உடல் முழுவதும் நீர் ஒட்டாத மயிர்கள் அடர்ந்திருப்பதால், தெளித்த தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர்போல மயிர்களின் நுனியில் உருண்டையாக நிற்கும். பெட்டியைச் சற்று அசைத்தால் உருண்டுவிடும். உடலிலிருந்து கசியும் நீர் அப்படி நிற்காது. அது தோலோடு ஒட்டிக்கொண்டு, மயிர்களை ஈரமாகச் சேர்த்துப் பிடித்திருக்கும். வாயருகே தெளிவாகவோ இளம்பழுப்பாகவோ ஈரம் கண்டால், முதலில் அது இரை தின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் இச்சிலந்தி செரிமான நீரை இரையின் மேல் கக்கிக் கரைத்து உறிஞ்சும் பழக்கமுடையது. கால்கள் உடலோடு சேரும் இடத்தில், முதல் மற்றும் மூன்றாம் கால்களின் அடியில், கழிவுநீரை வெளியேற்றும் சுரப்பிகளின் வாய்கள் இருப்பதால், இரை உண்ணும்போது அங்கே ஈரம் தெரிவதும் இயல்பே. கண்ணாடியில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் காணப்படுவது எச்சம். பயப்பட வேண்டியது, வாயைச் சுற்றி வெள்ளைப் பசைபோல் படிந்து துர்நாற்றம் வீசும் ஈரத்துக்குத்தான். அது உருளைப்புழுக்களின் வேலையாக இருக்கலாம். அப்படியொரு புழுவை 2022இல் கலிபோர்னியாவில் விவரித்தவர்கள், சிலந்திப் படமொன்றில் நடித்த ஜெஃப் டேனியல்ஸின் பெயரை அதற்குச் சூட்டியதாக மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் என் சிலந்தியின் வாயைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமில்லை" என்று முடித்தார்.

எஞ்சியது மூட்டில் இருந்த துளி. வெள்ளை வடிதாளின் நுனியால் அதை ஒற்றி மேசை மேல் வைத்து, பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். தாளில் பட்ட ஈரம் மெல்ல மெல்ல வெளிறிய நீலமாகத் தெரிந்தது. மூட்டில் புதிதாக ஒரு துளி ஊறியிருந்தது. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இவற்றின் குருதிநீரில் செம்பு அடங்கிய ஹீமோசயனின் செய்வதால் இந்த நிறம். ஒரு துளி போனால் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை மறக்க முடியவில்லை: இச்சிலந்தியின் முக்கியமான கால் மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை, குருதிநீரின் அழுத்தமே காலை நீட்டுகிறது. நீர் குறையக் குறைய அழுத்தம் இறங்கி, கால்கள் வயிற்றுக்கடியில் சுருண்டுவிடும்.

சிகிச்சைக்கு ஐசோஃப்ளுரேன் வாயு கொடுத்து மயக்கினார்கள். இச்சிலந்தி வாயால் மூச்சுவிடுவதில்லை, வயிற்றின் அடியில் புத்தகத் தாள்கள்போல் அடுக்கடுக்காக அமைந்த நான்கு புத்தக நுரையீரல்களால் விடுகிறது. ஆகவே முகமூடி பயன்படாது, முழு உடலையும் வாயு நிறைந்த பெட்டிக்குள் வைக்க வேண்டும். அது அசைவற்றதும் சோள மாவை நீக்கி, காயத்தை உலர்த்தி, மருத்துவப் பசையை ஊசிமுனையளவு வைத்தார். பசை மூட்டுக்குள் இறங்கினால் அடுத்த முறை சட்டை உரிக்கும்போது கால் சிக்கிக்கொள்ளும் என்பதால், பத்து நிமிட வேலையில் எட்டு நிமிடம் பசையைக் குறைப்பதிலேயே போனது. கசிவு நிற்காவிட்டால் அந்தக் காலையே அடியில் கழற்றிவிட நேரிடலாம் என்றும், அடுத்தடுத்துச் சட்டை உரிக்கையில் அது மீண்டும் வளரும் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதற்குத் தேவை வரவில்லை. இதற்கிடையில் செவிலியரின் கையுறையைத் தாண்டிச் சிலந்தியின் மயிர்கள் பறந்து என் முழங்கையில் இரண்டு நாள் அரித்தது தனிக்கதை.

காயத்தின் காரணம் என் வீட்டில்தான் இருந்தது. உயரமாக இருந்தால் அழகாக இருக்கும் என்று ஒரு கடைக்காரர் எனக்கு விற்ற கண்ணாடிப் பெட்டியின் மூடி கம்பிவலை. தரையில் வாழும் இந்த இனம் இரவில் சுவரேறி, கால் நகங்கள் வலையில் மாட்டி, விடுபடும்போது விழுந்திருக்க வேண்டும். அடிமண்ணிலிருந்து மூடிவரை உள்ள இடைவெளி, கால்களை விரித்த சிலந்தியின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். அன்று மாலையே மண்ணைக் கொட்டி உயர்த்தி, துளையிட்ட அக்ரிலிக் மூடியை மாற்றினேன்.

குறைகளும் உண்டு. முதுகெலும்பற்ற உயிர்களைப் பார்க்கும் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே இருக்கிறார். இரவு அவசரத்துக்கு அவர்கள் கைகாட்டும் இடத்தில் சிலந்தியைத் தொடுவதற்கு ஆள் இல்லை. காத்திருப்பறை பொதுவானது. குரைக்கும் நாய்களுக்கு நடுவே, அதிர்வையே கண்ணாகக் கொண்ட ஓர் உயிரை நாற்பது நிமிடம் மடியில் வைத்திருப்பது சரியல்ல. தனியாக ஓர் அலமாரியாவது ஒதுக்கலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய குறிப்புத்தாள் பல முறை நகலெடுத்து மங்கியது, அதில் "ஈரப்பதம் காக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வை, உடலின் மேல் தெளிக்காதே என்ற தெளிவான அறிவுரையை நான் வாய்மொழியாகக் கேட்டே பெற்றேன். ஆலோசனை, மயக்கம், பசை எல்லாம் சேர்த்து 142 பவுண்டு ஆனது. சிலந்தியின் விலையைவிட அதிகம் என்று நண்பர் சொன்னார், கணக்குச் சரிதான்.

ஜூன் மாதம் அது மல்லாந்து படுத்துச் சட்டை உரித்தது. உரிந்த சட்டையின் மூன்றாம் காலில் பசைத்துளி கண்ணாடி மணிபோல அப்படியே ஒட்டியிருந்தது. புதிய மூட்டில் தழும்புகூட இல்லை. படத்தை அனுப்பியதும் சட்டையை நேரில் காண விரும்புவதாக மருத்துவர் எழுதினார். எடுத்துச் சென்றேன். வயிற்றுப் பகுதியின் தோலை நீரில் விரித்து, பெண் என்பதையும் உறுதி செய்துவிட்டு, வெளுத்திருக்கும் பற்கள் மீண்டும் கறுக்கும்வரை இரை போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த வருகைக்குக் கட்டணம் வாங்கவில்லை.