பழைய ஸ்கீ போட்டில் ஏறும் தண்ணீர்: சுண்ணாம்பாற்று உவரில் கிளாண்டும் பில்ஜ் பம்ப்பும் எப்படி நிற்கின்றன

ஸ்கீ போட் என்பது தண்ணீரில் சறுக்குபவர்களை இழுக்கும் படகு. பழைய ஸ்கீ போட்டில், அடியில் (பில்ஜில்) சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் நன்றாக ஓடுவதே கசிவை மறைத்துவிடும். ஆட்டோமேட்டிக் பம்ப் ராத்திரி முழுக்க இறைத்துக்கொண்டே இருக்கும். காலையில் பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடி காய்ந்து கிடக்கும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும். பாட்டரி இறங்கிய மறுநாள்தான் அமரம் (பின்பகுதி) தண்ணீரில் உட்கார்ந்திருப்பது தெரியும். அதனால் பம்ப் மாற்றுவதா, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் துளையில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டின் கயிற்றை மாற்றுவதா என்ற கேள்விக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: எத்தனை லிட்டர், எந்த நேரத்தில் ஏறுகிறது என்று அளப்பது.

இங்கே பேசுவது நடுவில் எஞ்சினும், போட்டின் அடியைத் துளைத்து வெளியே போகும் ஒரு அங்குல ஷாஃப்டும் உள்ள இன்போர்டு ஃபைபர் போட்டைப் பற்றி. இந்த வகை பெரும்பாலும் நன்னீர் ஏரிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. புதுச்சேரியில் நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாற்றிலோ, அரியாங்குப்பம் ஆற்றிலோ, கடலூர் உப்பனாற்றிலோ விட்டால் அது வருஷத்தில் பல மாதம் உவர் நீரில் கிடக்கிறது. பித்தளை, வார்ப்பிரும்பு, மின் இணைப்பு மூன்றுக்கும் இங்கே ஆயுள் குறைவு என்று வைத்துக்கொண்டுதான் பராமரிப்பைத் திட்டமிட வேண்டும்.

அளக்கும் முறை எளிது. பம்ப் சுவிட்சை அணைத்து, ஆட்டோ ஒயரின் ஃபியூஸையும் கழற்றுங்கள். ஸ்பாஞ்சால் அடியை ஒட்டத் துடைத்துவிட்டு 12 மணி நேரம் கட்டிப் போடுங்கள். முதல் நான்கு மணி நேரம் போட் யாராவது ஒருவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். பிறகு லிட்டர் மக்கால் அள்ளி எண்ணுங்கள். அடுத்து மறுபடி துடைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு எண்ணுங்கள். மூன்றாவது சோதனை டிரெய்லரில்: மேலிருந்து ஹோஸால் மழை மாதிரி பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். நின்றால் ஏறுகிறதா, ஓடினால் ஏறுகிறதா, மழைக்கு ஏறுகிறதா என்பது இதிலேயே பிரிந்துவிடும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், கிளாண்டு சொட்டுகிறது என்று சொல்லியே பலர் நிறுத்திவிடுகிறார்கள். சுமார் இருபது சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஐந்து சொட்டு என்றால் ஒரு நாள் முழுக்கச் சொட்டினாலும் 360 மில்லிதான், ஒரு சொம்புத் தண்ணீர். 12 மணி நேரத்தில் பத்து லிட்டர் சேர்ந்திருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 280 சொட்டு. அது சொட்டே இல்லை, நூலாக ஒழுகுவது. அவ்வளவும் கிளாண்டு வழியாக வந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும். தெரியவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. ஸ்கீ ஓட்டிய பிறகு அடியில் இருக்கும் ஒன்றிரண்டு லிட்டர், ஏறி இறங்கிய ஆட்களின் உடம்பிலிருந்தும் கயிற்றிலிருந்தும் வடிந்ததாக இருக்கலாம், அதையும் கணக்கில் கழியுங்கள்.

நாக்கில் வைத்துப் பார்த்து உப்பா நன்னீரா என்று சொல்வது இங்கே பாதி வருஷம்தான் உதவும். கோடையில் உப்பாக இருந்தால் ஆற்றுத் தண்ணீர், உப்பில்லை என்றால் மழையோ கழுவிய தண்ணீரோ. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கி ஆறு பெருகிவிட்டால் முகத்துவாரத்துப் பக்கமே உவர் குறைந்துவிடும், அப்போது ருசி ஏமாற்றும். அந்த மாதங்களில் ஆற்றில் ஒரு மக் தண்ணீர் மொண்டு, பில்ஜில் ஒரு மக் மொண்டு, நிறத்தையும் வண்டலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதை ஆற்றில் இறைக்காமல் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒழுகும் தடத்தைக் கண்டுபிடிக்க முகத்துக்குப் போடும் பவுடர் போதும். காய்ந்த அடியில் ஷாஃப்ட் துளையைச் சுற்றியும், ஷாஃப்ட்டை வெளியே தாங்கும் ஸ்ட்ரட்டின் போல்ட்டுகள் மேலும், சுக்கான் தண்டின் அடியிலும், டிரெயின் பிளக் பக்கமும் மெல்லிசாகத் தூவுங்கள். தண்ணீர் வரும் இடத்திலிருந்து பவுடரில் கரும்பழுப்பாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் வேண்டியது. தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைப் பார்த்து யோசித்தால் தவறான பாகத்தைக் கழற்றுவோம்.

இனி கிளாண்டு. ஸ்பேனர் இரண்டு வேண்டும்: ஒன்று லாக் நட்டுக்கு, ஒன்று கிளாண்டு நட்டுக்கு. பச்சை பூத்திருந்தால் முதல் நாளே துருநீக்கி அடித்துவிடுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, கிளாண்டு நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, லாக் நட்டைப் பூட்டி, ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு விழ வேண்டும், நின்றால் நிற்க வேண்டும் அல்லது எப்போதாவது ஒரு சொட்டு. ஓடும்போதும் ஒரு சொட்டுகூட விழவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் கயிற்றைக் குளிர்விக்கிறது. பத்து நிமிடம் ஓட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு நட்டின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் கயிறு கருகி, ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுக்கு எந்தக் கயிறும் நிற்காது.

முழுதும் இறுக்கியும் ஒழுகினால் கயிறு முடிந்தது. அதைக் கரையில் ஏற்றி மாற்றுங்கள். பழைய வளையங்கள் எல்லாவற்றையும் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும், அடியில் ஒன்று விட்டுப்போனால் புதியது ஒழுங்காக உட்காராது. அளவு தெரியாவிட்டால் ஷாஃப்ட்டுக்கும் நட்டின் உட்சுவருக்கும் இடையே டிரில் பிட்டின் காம்பை நுழைத்துப் பாருங்கள்: 4.8 மில்லிமீட்டர் காம்பு சரியாகப் போனால் 3/16 அங்குலம், 6.4 போனால் கால் அங்குலம். கயிற்றை ஷாஃப்ட்டின் மேலேயே சுற்றி, சாய்வாக வெட்டி, வழக்கமாக மூன்று வளையங்கள். வெட்டு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கட்டும். கிணற்று மோட்டாருக்கு விற்கும் கிராஃபைட் கயிறு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் உவர் நீரில் கிராஃபைட் பக்கத்து உலோகத்தை அரிக்க வைக்கும். இந்த ஆறுகளுக்கு டெஃப்லான் ஊறிய கயிறுதான் எங்கள் தேர்வு. கிளாண்டைப் பிடித்திருக்கும் தடித்த ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அதையும் மாற்றி, ஒவ்வொரு முனையிலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் கிளிப் இரண்டு போடுங்கள்.

புதுக் கயிறு போட்டும் சில வாரத்தில் திரும்ப ஒழுகினால் கயிற்றைத் திட்ட வேண்டாம். எஞ்சினைத் தாங்கும் நீள மரங்கள் ஃபைபருக்குள்ளேயே ஊறி மிருதுவாகியிருக்கும், எஞ்சின் போல்ட் பிடிப்பு விடும், ஷாஃப்ட் நேர் மாறும், அதிர்வில் கிளாண்டு தேயும். போட் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரு முகங்களுக்கும் நடுவே நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். இடைவெளியின் வித்தியாசம் 0.08 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மரம் சந்தேகமாக இருந்தால் உட்புறப் பக்கச் சுவரில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுப் பாருங்கள். வெளியே வரும் தூள் வெளிர் நிறமாகக் காய்ந்து இருந்தால் நல்லது. கறுப்பாக ஈரமாக வந்தால், அல்லது தண்ணீரே வடிந்தால், அது பெரிய வேலை. பார்த்த துளையை எப்பாக்சியால் அடைக்க மறக்காதீர்கள்.

சுக்கான் கிளாண்டு சிறியது, பலர் கண்ணில் படாது. நேராக ஓட்டும்போது காய்ந்திருந்து, திருப்பும்போது மட்டும் ஒழுகும். டிரெயின் பிளக் பித்தளையாக இருந்தால் கழற்றி நகத்தால் சுரண்டுங்கள். மஞ்சள் போய் இளஞ்சிவப்பாக, சொரசொரப்பாக இருந்தால் துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு நுரைதான் மிச்சம். திருகும்போதே உடையும். வெண்கலத்தில் வாங்கிப் போடுங்கள்.

ஸ்ட்ரட் போல்ட், போட்டின் அடியில் உள்ள துடுப்புத் தகட்டின் போல்ட் வழியாக வருகிறதா என்று பார்க்க டிரெய்லரில் பாட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே 100 லிட்டர் அளந்து ஊற்றி, வெளியே அடியில் படுத்துப் பாருங்கள். அது 100 கிலோ கூடுதல் எடை, டிரெய்லர் தாங்கலும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டத்துக்கு ஏறக் கூடாது. ஈரம் பொட்டாகத் தெரியும் போல்ட்டைக் கழற்றி, பழைய சீலன்டைச் சுரண்டி, பாலியூரிதேன் சீலன்ட் வைத்து மாட்டுங்கள். வெளியிலிருந்து எம்-சீல் அப்புவது கசிவை நிறுத்தாமல் இடத்தை மட்டும் மறைக்கும்.

ஓடினால் மட்டும் ஏறும் தண்ணீர் பாதி நேரம் எஞ்சினுடையது. கரையில் ஹோஸ் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கியர் போடக் கூடாது, ஸ்ட்ரட்டில் உள்ள ரப்பர் பேரிங் தண்ணீர் இல்லாமல் கருகும். எஞ்சினைக் குளிர்விக்க ஆற்று நீரை இழுக்கும் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டினால் அதன் சீல் போய்விட்டது. சைலன்சர் ஹோஸ் கிளிப்புகளும் எஞ்சின் பிளாக்கின் வடிபிளக்குகளும் அடுத்தவை. பெட்ரோல் எஞ்சின் என்பதால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெட்ரோல் ஆவியை வெளியே தள்ளும் புளோயரை நான்கு நிமிடம் ஓட்டுங்கள், மூக்கும் வைத்துப் பாருங்கள்.

இப்போது பம்ப். 500 என்று எழுதியிருந்தால் மணிக்கு 500 அமெரிக்க காலன், அதாவது 1,890 லிட்டர், நிமிடத்துக்கு 31 லிட்டர். அது தூக்கும் உயரம் எதுவும் இல்லாத கணக்கு. ஹோஸ், உயரம், இறங்கிய பாட்டரி எல்லாம் சேர்ந்தால் பாதியை நம்பித் திட்டமிடுங்கள். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்தால் நிமிடத்துக்கு சுமார் 45 லிட்டர் உள்ளே வரும். அதனால் 1100 அளவு, 28 மில்லிமீட்டர் ஹோஸோடு. பாதி வேகத்தில் அது மட்டும் அந்த 45-ஐ எட்டாது, 500 அளவையும் துணைக்கு வையுங்கள்.

சோதனை: பத்து லிட்டர் பக்கெட்டை வெளிவாயில் பிடித்து நேரம் பாருங்கள். 500 அளவு பம்ப்புக்கு 40 நொடிக்குள் நிறைந்தால் சரி, ஒரு நிமிடம் தாண்டினால் தேட வேண்டும். முதலில் அடிக்கூடை: இலை, ஸ்கீ கயிற்று நார், கார்ப்பெட் இழை. இம்பெல்லரில் ஒரு நைலான் நூல் சுற்றியிருந்தாலே பம்ப் முனகும், சுற்றாது. அடுத்தது ஹோஸ். உள்ளே நெளிவு நெளிவாக இருக்கும் மலிவு ஹோஸ் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, உள் சுவர் வழவழப்பானது வாங்குங்கள். பம்ப் நின்றதும் ஹோஸில் உள்ள தண்ணீர் திரும்பி விழும். 19 மில்லிமீட்டர் ஹோஸ் இரண்டு மீட்டரில் அரை லிட்டருக்கு மேல். ஃப்ளோட் (தண்ணீர் ஏறினால் மிதந்து பம்ப்பை ஓட்டும் சுவிட்ச்) அதிலேயே தூக்கிக்கொண்டு பம்ப் மறுபடி ஓடும், நிற்கும், ஓடும். இதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்வார்கள். அது குப்பையில் அடைத்துக்கொள்ளும், காற்றையும் பூட்டும். ஹோஸைக் குறுக்குவதே சரியான வழி. வெளிவாய் நீர்மட்டத்துக்குக் கிட்டே இருந்தால், ஆட்கள் ஏறியதும் அது அமிழ்ந்து ஆற்றையே உள்ளே இழுக்கும். ஹோஸை உயரே வளைத்து இறக்குங்கள்.

மின்சாரத்தை பம்ப் ஓடும்போது அளக்க வேண்டும். பாட்டரி முனையில் ஒரு அளவு, பம்ப் ஒயரில் ஒரு அளவு. வித்தியாசம் 0.36 வோல்ட்டுக்கு மேல் என்றால் இணைப்பு அரித்திருக்கிறது. போக வர 10 மீட்டர் ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 3 ஆம்பியரில் புது ஒயரிலேயே அந்த 0.36 போய்விடும், 2.5 போடுங்கள். ஈயம் பூசிய செம்பு ஒயர், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சு பில்ஜில் ஒரு பருவமழையைத் தாங்குவதில்லை, உள்ளே பச்சைத் தூளாகிவிடும். ஆட்டோ ஒயர், ஃபியூஸ் வழியாக நேரே பாட்டரிக்குப் போக வேண்டும். மெயின் சுவிட்ச் அணைத்தாலும் அது உயிரோடு இருக்கும். ஃப்ளோட்டை பம்ப் அடிமட்டத்துக்குக் கீழே வைத்தால் பம்ப்பால் இறைக்க முடியாத தண்ணீருக்கும் அது ஓடி, மோட்டார் எரியும். ஃப்ளோட் இல்லாத சில ஆட்டோமேட்டிக் வகைகள் சுமார் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி சுற்றிப் பார்க்கும். அது கோளாறு அல்ல. ஆனால் வாரக்கணக்கில் கட்டிப் போடும் போட்டுக்கு ஃப்ளோட் வகையே மேல்.

மழைக்காலத்துக்குக் கட்டிப் போடும்போது: திறந்த இடம் 6 சதுர மீட்டர் என்றால் 100 மில்லிமீட்டர் மழைக்கு 600 லிட்டர். 1100 அளவு பம்ப் பாதி வேகத்தில் இறைத்தாலும் 20 நிமிட வேலைதான், பாட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை. 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியைச் செலவழித்தால் 3 ஆம்பியருக்குப் பத்து மணி நேரம் ஓடும். பாட்டரியைக் கொல்வது மழை அல்ல, நிற்காத சிறு கசிவோ மாட்டிக்கொண்ட ஃப்ளோட்டோதான். புரட்டாசி முடிவதற்குள் ஃப்ளோட்டைக் கையால் தூக்கிவிட்டுப் பாருங்கள், உடனே ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். கூடையைக் கழுவி, கவர் நடுவில் தண்ணீர் தேங்காதபடி ஒரு முட்டுக்கோல் கொடுத்துக் கட்டுங்கள்.