சித்தூர் வட்டத்தில் எடுத்த வீட்டுக் கடன்: ஓர் அனுபவ மதிப்பீடு

கொழிஞ்சாம்பாறை அருகே ஐந்து சென்ட் மனையும் அதிலுள்ள ஓட்டு வீடும் வாங்குவதற்காக, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலுள்ள ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் 18 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் எடுத்தேன். மனுக் கொடுத்த நாளிலிருந்து காசோலை கைக்கு வர ஏழு வாரங்கள் ஆயின. அந்தத் தாமதம் வருத்தம் தந்தது உண்மை. ஆனால் அந்த ஏழு வாரங்களில் அவர்கள் ஆதாரங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, வாசித்த விதத்துக்காகவே, பொள்ளாச்சிப் பக்கமிருந்து இங்கே வீடு வாங்க வருகிறவர்களிடம் இப்படியொரு கிளையைத் தேடிப் போகச் சொல்கிறேன்.

நான் முதலில் முன்பணம் கொடுக்க இருந்தது வேறொரு மனைக்கு. தென்னை நின்ற, சாலையோடு ஒட்டிய, மேடான இடம். சொத்து வரி கட்டியதற்கான கர ரசீதில் ‘நிலம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தமிழில் காடும் மேடும் வயலும் எல்லாமே நிலம்தானே. கடன் பிரிவு அலுவலர் அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “சார், இது நிலமாக்கும், புரயிடம் இல்லை, இதுக்கு லோன் கிடைக்காது” என்றார். கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டத் தகுந்த இடம் புரயிடம். மண்ணடித்து மேடாக்கி எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், பதிவேடு மாறாதவரை அது வயலே. 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கும் டேட்டா பேங்க் பட்டியலில் அந்த சர்வே எண் இருந்தால் முதலில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனுச் செய்து அதை நீக்க வேண்டும்; பட்டியலில் இல்லாவிட்டாலும், வயல் என்ற பதிவை மாற்றும் தன்மை மாற்ற உத்தரவு வாங்க வேண்டும். தரகர் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று அந்த அலுவலர் கண்டுபிடித்திராவிட்டால், என் சேமிப்பு ஒரு வயலில் முடங்கியிருக்கும்.

இப்போது வாங்கிய வீட்டுக்கு முன்னாதாரங்கள் (முந்தைய பத்திரங்கள்), சொத்து யார் வசம் இருக்கிறது என்று காட்டும் கைவசச் சான்று, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் வரிவரியாகப் பார்த்தார். மலையாளம் வாசிக்கத் தெரியாத எனக்குப் பொறுமையாக விளக்கவும் செய்தார்.

கணக்கிலும் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 15,621 ரூபாய், 15 ஆண்டுகளுக்கு 17,725 ரூபாய் என்று எழுதிக் காட்டி, மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கட்டினால் மொத்தத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் மிஞ்சும் என்றார்கள். நான் பதினைந்தைத் தேர்ந்தெடுத்தேன். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் கிடையாது. ஆனால் முத்திரைத் தீர்வை 8 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கடனில் சேராது என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். 24 லட்சம் விலைக்கு 2 லட்சத்து 40 ஆயிரத்தைக் கடைசி வாரத்தில் புரட்ட வேண்டியதாயிற்று.

உண்மையான குறை ஒன்று உண்டு. கடனோடு ஆயுள் காப்பீடும் எடுத்தே தீர வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினார். அது கட்டாயம் என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றது. குடும்பத்துக்குக் காப்பீடு வேண்டியதுதான், அதை நாமே விசாரித்து எடுக்கலாம்.

விற்றவரின் ஆதாரம் வேறொரு வங்கியில் அடமானத்தில் இருந்தது. விற்க நினைப்பவர்கள் பாக்கித் தொகைக்கான கடிதத்தை முன்னதாகவே வாங்கி வைத்தால் இரு தரப்புக்கும் அலைச்சல் குறையும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அதன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் ரிசர்வ் வங்கி விதி. எங்கள் கிளை அவருடைய பாக்கியை நேராக அந்த வங்கிக்கே அனுப்பியது. ஒன்பதாம் நாள் ஆதாரம் வந்தது, அதற்கடுத்த நாள் பதிவு முடிந்தது.